துண்டுக்குள் ஒரு நட்சத்திரம்

"கருந்துளைங்கறது கெட்ட வார்த்தைங்களா டீச்சர்?"

மரகதம் டீச்சர் ஏணியில் நின்று குடிலின் கூரைக்கு ஓலை சொருகிக்கொண்டிருந்தார். கீழே குனிந்து பார்க்கவில்லை.

"யாரு சொன்னது?"

"எம்புள்ளதானுங்க."

"யாரைப் பாத்து?"

செங்கோடன் வலது தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது தோளில் போட்டார்.

"என்னையத்தானுங்க."

"கெட்ட வார்த்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"கோவப்படலாமுங்க."

"நல்ல வார்த்தையா இருந்தா?"

இதை அவர் யோசித்து வரவில்லை.

"அந்த ஓலையை எடுத்துக் குடுங்கண்ணா" என்றார் டீச்சர்.

எடுத்துக் கொடுத்தார். கை பழக்கமில்லாத வேலை. ஓலை விரலைக் கிழித்துவிட்டது.

*

செங்கோடன் மாட்டுத் தரகர். கொங்குநாட்டுச் சந்தைகளில் அவர் பெயரைச் சொன்னால் மாடு வாங்க வந்தவன் ஒரு அடி பின்னால் போவான், விற்க வந்தவன் இரண்டு அடி பின்னால் போவான். பள்ளிக்கூடம் போனதில்லை. சாணி அள்ளப் போன இடத்தில் அடி வாங்கி, அடி வாங்கிய இடத்திலேயே தொழில் படித்து, தானாக நிமிர்ந்த ஆள். கோபம் மூக்கு நுனியில் அல்ல, மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நிற்கும்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நிற்பவனுக்குத் துண்டுதான் தெரியும்.

அவருடைய மகள் கோகிலவாணி கோயமுத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். கூடப் படிக்கிற பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனின் அப்பா சபாபதி, ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். சம்பந்தம் பேச வந்து, கூடியிருந்த சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. உங்க பொண்ணு வந்தாப் போதும்" என்றார் வாத்தியார்.

சந்தையில் ஒன்றும் வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அவன் எல்லாவற்றையும் கேட்கப்போகிறான் என்று அர்த்தம். செங்கோடனுக்கு வேறு அர்த்தம் தெரியாது. இந்த மனுசனின் உண்மையான விலை என்ன என்று அவருக்கு உள்ளே குடைந்தது.

கை தானாகப் போனது. வாத்தியாரின் கையைப் பிடித்தது. மேலே துண்டு விழுந்தது.

ஒரு விரலைப் பிடித்தார். பதில் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பிடித்தார். வாத்தியார் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். ஆள் அழுத்தக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவதையும் பிடித்தார்.

காப்பித் தட்டோடு வந்த கோகிலவாணி துண்டைப் பார்த்தாள். தரகர் வீட்டில் பிறந்தவளுக்குத் துண்டு எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டைக் கீழே வைத்தாள். துண்டை உருவி எடுத்தாள். அப்பாவின் கையில் வாத்தியாரின் மூன்று விரல்கள் இருந்தன.

"நீங்க ஒரு கருந்துளைப்பா" என்றாள்.

வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் கிளம்பிப் போனார்கள். அவளும் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். அப்புறம் அவர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

சொந்தக்காரர்கள் முன்னால் தலை குனிந்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. என்ன சொல்லித் திட்டினாள் என்றே விளங்காமல் குனிந்து நின்றதுதான் அறுத்தது. விளங்காத திட்டுக்கு எப்படித் திருப்பித் திட்டுவது? யாரிடம் போய்க் கேட்பது? சந்தையில் கேட்டால் சந்தை முழுக்கச் சிரிக்கும்.

அப்போதுதான் மரகதம் டீச்சர் ஞாபகம் வந்தது. கோகிலவாணிக்குக் கல்லூரியில் நட்சத்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு வட்டக்கரட்டில் குடில் போட்டிருக்கிறார். மலை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிற ஒரு பாறைமேடு அது. செங்கோடனைவிட வயதில் மிகவும் சின்னவர். மனசு சரியில்லாதவர்கள் தேடி வந்து தங்குவார்கள். கோகிலவாணியும் விடுமுறை நாளில் வருவாள்.

*

ஏணியிலிருந்து டீச்சர் இறங்கியதும் செங்கோடன் பேரத்தை ஆரம்பித்தார்.

"டீச்சர், சுத்தி வளைக்காம சொல்லிடறனுங்க. அர்த்தம் தெரியணும். அதோட, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எம்புள்ள வீட்டுக்கு வருவா. அதையும் சொல்லிடுங்க."

"எந்த வார்த்தை?"

"ஏதாச்சும் ஒண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா? படிச்சவங்க."

"முதல்ல கேட்டது அர்த்தம். அதைப் பாப்போம். தங்குங்க. அடுப்புக்கு ஒரு ஆள் வேணும்."

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்க வந்தவன அடுப்பு ஊதச் சொல்றீங்களே! எத்தனை நாளைக்குங்க?"

"புரியற வரைக்கும்."

"பாதி சொல்லிடுங்க. மீதியை நான் வீட்டுல உக்காந்து யோசிச்சுக்கறேன்."

டீச்சர் சிரித்தார். ஓலைத் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பேரத்தில் எதிராளி எழுந்து உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று செங்கோடனுக்குத் தெரியும். நாமும் எழுந்து போய்விட வேண்டும். எதிராளி பின்னாலேயே ஓடிவருவான்.

கரட்டின் பாதி வரை இறங்கினார். யாரும் ஓடிவரவில்லை.

திரும்பி ஏறினார்.

*

"துண்டுக்குள்ள பேசுவீங்களாமே. அது எப்படின்னு காட்டுங்கண்ணா."

மறுநாள் காலை. பாறைமேல் டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார். செங்கோடனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மகள் சொல்லியிருக்கிறாளா? கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அது சந்தைச் சமாச்சாரமுங்க. இங்க எதுக்கு?"

"காட்டுங்க."

டீச்சர் கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையை விட்டுவிட முடியாது. பிடித்தார். துண்டைப் போட்டார். அந்தத் துண்டுதான்.

"மேல இருந்து என் கையை அமுக்குங்க."

அமுக்கினார். டீச்சர் கீழிருந்து மேலே தள்ளினார். பொம்பளைக் கைதானே என்று இன்னும் கொஞ்சம் அமுக்கினார். அந்தக் கை இறங்கவில்லை.

பக்கத்தில் சாம்பல் வைத்துச் செம்பு தேய்த்துக்கொண்டிருந்தார் கோதண்டம். வங்கியில் மேலாளராக இருந்தவர், இப்போது டீச்சரின் சீடர்.

"கோதண்டம், உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார் டீச்சர்.

"துண்டு தெரியுதுங்க."

"நட்சத்திரமும் இவ்வளவுதாண்ணா" என்றார் டீச்சர். "அதோட கனம் உள்ள பாத்து அமுக்கும். வயித்துல எரியற தீ வெளிய பாத்துத் தள்ளும். ரெண்டும் விட்டுக் குடுக்காது. அந்த மல்லுக்கட்டைத்தான் தூரத்துல இருந்து பாத்துட்டு நாம வெளிச்சம்ங்கறோம்."

செங்கோடனுக்குச் சுவாரசியம் தட்டியது. இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"பேரம் எப்பங்க படியும்?"

"கோடிக்கணக்கான வருசம் படியாது. படியாத வரைக்கும் நட்சத்திரம் இருக்கும்."

"படிஞ்சா?"

"செத்துரும்."

"செரி, ஜெயிக்கறது யாருங்க?"

"கனந்தான். எரியறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போறப்ப கனம் ஜெயிச்சுரும். ரொம்பப் பெரிய நட்சத்திரமா இருந்தா, அந்தக் கனம் அதையே உள்ள இழுத்து அமுக்கிரும். அமுக்கி அமுக்கி, வெளிச்சங்கூட வெளிய வர முடியாத இடமா ஆக்கிரும். அதுக்குப் பேருதான் நீங்க கேட்டது."

செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பல நாளாக இல்லாத களை.

"அப்ப, எல்லாத்தையும் ஜெயிச்சவன்னு சொல்லியிருக்கா!"

சொல்லிக்கொண்டே இன்னும் பலமாக அமுக்கினார்.

டீச்சர் தன் கையைச் சட்டென்று உருவிக்கொண்டார்.

செங்கோடனின் கை அமுக்கின வேகத்திலேயே போய்ப் பாறையில் மோதியது. விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. துண்டு பாறைமேல் தட்டையாகக் கிடந்தது.

"ஜெயிச்சுட்டீங்க" என்றார் டீச்சர்.

*

அடுப்படியில் பெருந்தேவி என்றொரு அம்மாள் சமையல் பார்த்தார். அவருக்கு விறகு தள்ளிக் கொடுப்பது செங்கோடனின் வேலை. விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது. அடிபட்ட முட்டி எரிந்தது.

"இந்த ஈர விறகைக் கொண்டாந்து வெச்சவன் எவன்?" என்று கத்தினார். "ஆக்கிப் போடறதுன்னா அறிவு வேண்டாம்? எந்தூர்ப் பொம்பளை நீ?"

பெருந்தேவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பிறகு கோதண்டத்தின் முறை. செம்பை இடம் மாற்றி வைத்தாராம். "பேங்குல இப்படித்தான் வெச்சீங்களா?" என்று ஆரம்பித்து, அவருடைய படிப்பு வரைக்கும் போய்விட்டு வந்தார் செங்கோடன். கோதண்டம் செம்பை எடுத்து, கேட்ட இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததில் செங்கோடனுக்கு ஒரு திருப்தி. இடம் ஒழுங்குக்கு வந்துவிட்டது.

டீச்சர் அடுப்படிக்கு வந்தார். ஒரு பிடி வைக்கோலைத் தீயில் போட்டார். குப்பென்று எரிந்தது. தேங்காய் ஓட்டைப் போட்டார். நின்று எரிந்தது. பிறகு மடியிலிருந்து தேய்ந்த மாட்டு லாடம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதையும் எரிங்கண்ணா."

"லாடம் எரியுமுங்களா டீச்சர்? இரும்பு!"

"போடுங்க."

போட்டார். ஊதினார். லாடம் கறுப்பாகக் கிடந்தது. விறகைத் தள்ளித் தள்ளி ஊதினார். ஓரத்தில் கொஞ்சம் சிவந்தது. அதற்குள் அதைச் சுற்றியிருந்த கங்கெல்லாம் வெளிறிப்போயிற்று.

"எரியாதுங்க. தீயில இருக்கற சூட்டை இது வாங்கிக்குது. திருப்பி ஒண்ணும் தரமாட்டேங்குது."

"பெரிய நட்சத்திரத்தோட வயித்துலயும் கடைசியா இதுதான் சேரும்" என்றார் டீச்சர். "முதல்ல லேசான சரக்கு எரியும். அதோட சாம்பல் எரியும். சாம்பலோட சாம்பலும் எரியும். கடைசியில இரும்பு. அதுக்கு மேல எரிக்க ஒண்ணும் இல்லை. வெளிய தள்ளிட்டிருந்த கை நின்னுரும்."

"நின்னா?"

டீச்சர் செங்கோடனின் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார். செங்கோடன் கண்ணை மூடித் திறந்தார்.

"இவ்வளவு நேரந்தான். கோடி வருசம் நின்னது, கண்ணு மூடறதுக்குள்ள விழுந்துரும்."

செங்கோடன் லாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வாத்தாள் ஞாபகம் ஏனோ வந்தது. அவர் மனைவி. கட்டிக்கொண்டு வந்த புதிதில் சொல்லுக்குச் சொல் எதிர்ப்பேச்சு பேசுவாள். அப்புறம் பாதிக்குப் பாதி பேசினாள். அப்புறம் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள், அவ்வளவுதான். அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை. எந்த வருசம் நின்றது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. நின்றதைக் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் டீச்சர்மேல் வந்தது.

"வெலையச் சொல்லுங்கன்னா மாட்டோட பூர்வீகத்தைச் சொல்லிட்டிருக்கீங்க! எம்புள்ள என்னைய ஏன் அப்படிச் சொன்னா? அதுக்குப் பதில் சொல்ல முடியுமா, முடியாதா?"

கத்தின சத்தத்தில் அடுப்படிக்கு வெளியே காகம் பறந்தது.

செங்கோடன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இடுக்கியால் லாடத்தை வெளியே இழுத்துப் போட்டார்.

*

"ஒரு சந்தேகமுங்க." நாலு நாள் கழித்து ஒரு காலையில் கேட்டபோது சத்தம் குறைந்திருந்தது. "வெளிச்சமே வெளிய வராதுன்னா, அது அங்க இருக்குதுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?"

டீச்சர் ஒரு வெள்வேல மரத்தைக் காட்டினார். குடிலிலிருந்து ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் நின்றது. வந்த நாளிலிருந்து செங்கோடன் உட்காருகிற இடம்.

"அங்க போய் உக்காருங்க."

"உக்காந்து?"

"பாருங்க."

உட்கார்ந்தார். காலை வெயில் ஏறியது. பெருந்தேவி குடத்தோடு வந்தார். பாதையில் நேராக வந்தவர், மரம் தெரிந்ததும் இடதுபக்கமாக ஒதுங்கி, கல்லும் முள்ளுமாகக் கிடந்த சரிவில் இறங்கி, சுற்றிப் போய், மறுபடி பாதையில் ஏறி ஊற்றுக்குப் போனார். திரும்பும்போது நிறைகுடத்தோடு அதே சரிவில் தடுமாறி இறங்கினார்.

இந்தப் பொம்பளைக்குக் கண் தெரியாதா என்று நினைத்தார் செங்கோடன்.

கோதண்டம் வந்தார். அவரும் அதே இடத்தில் ஒதுங்கினார். அதே வளைவு.

புதிதாக வந்திருந்த யாரோ ஒருவர் வந்தார். செங்கோடன் அவரோடு பேசினதுகூட இல்லை. முன்னால் போனவர்களின் தடத்தைப் பார்த்து, அவரும் வளைந்துதான் போனார்.

செங்கோடன் எழுந்து போய்ப் பார்த்தார். சரிவில் புல் மடிந்து கிடந்தது. மண் தெரிந்தது. மரத்தைச் சுற்றி, இல்லை, அவரைச் சுற்றி, வில் மாதிரி ஒரு புதுப் பாதை. அதில் குடம் தளும்பின ஈரம்.

நேர்ப் பாதையில் ஒரு காலடியும் இல்லை. அவருடையதைத் தவிர.

அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே பாட்டு நின்றுவிடும். அவர் முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போது தெய்வாத்தாள் மாட்டுக் கட்டுத்தறிப் பக்கமாக வெளியே போயிருப்பாள். மகள் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், அவர் நிழல் கதவில் விழுந்ததும் "அப்பறம் கூப்பிடறேன்" என்பாள். சாப்பாட்டு இலை முன்னாலேயே போட்டிருக்கும். பரிமாறியவள் முன்னாலேயே போயிருப்பாள். சந்தையில் அவர் டீ குடிக்கும் பெஞ்சில் எப்போதும் இடம் இருக்கும்.

அதையெல்லாம் அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

அதைச் சொல்லி மற்றவர்களிடம் பெருமையும் அடித்திருந்தார்.

வெயில் தலைக்கு மேலே வந்தது. பெருந்தேவி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து எட்டி நின்று கீழே வைத்தார். செங்கோடன் அவர் முகத்தைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. தட்டைப் பார்த்தார்.

"சரிவுல குடத்தோட எறங்காதீங்கம்மா" என்றார். "வழுக்கும்."

பெருந்தேவி அதற்கும் பயந்துகொண்டு போனார்.

*

"டீச்சர், கேட்டதுக்குப் பதில் கெடச்சுருச்சுங்க. பக்கத்துல போறது வளையறதை வெச்சுத்தானுங்க கண்டுபிடிக்கறாங்க."

டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கோடன் எடுத்துக் கொடுத்த ஓலை கோணலாக இருந்தது.

"நான் கெளம்பறேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள போனது திரும்ப வெளிய வருமுங்களா?"

"வராது."

செங்கோடன் தலையை ஆட்டினார். பேரம் பேசவில்லை. துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"எல்லா நட்சத்திரமும் அப்படி ஆகறதில்லைண்ணா" என்றார் டீச்சர் பின்னாலிருந்து. "சிலது கடைசிக் காலத்துல தன் மேல இருக்கறதை எல்லாம் ஊதித் தள்ளிரும். நடுவுல சின்னதா ஒரு வெள்ளைக் கங்கு மிச்சம் இருக்கும். பெரிய வெளிச்சம் இல்லை. ஆனா வெளிச்சம்."

"எதைத் தள்ளோணும்?"

"கனத்தை."

"அது தெரியுதுங்க. எந்தக் கனத்தைன்னு கேக்கறேன்."

டீச்சர் கரட்டின் அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கோடனும் பார்த்தார்.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு கோகிலவாணி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

*

செங்கோடனுக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. இத்தனை வயசில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். நின்றாள். சுற்றிப் போகவில்லை. நேராக வந்தாள்.

"இங்கயும் வந்தாச்சா?" என்றாள். "டீச்சர்கிட்டயும் பேரமா?"

"இல்ல அம்மிணி..."

"என்ன இல்ல? உங்களால எனக்கு மூஞ்சியக் காட்ட முடியல. அந்த மனுசன் ஒண்ணும் வேண்டாம்னாரு. அது உங்களுக்குப் புரியல. என்னைய ஓட்டிட்டுப் போறதுக்கு என்ன வேணும்னு வெரலைப் பிடிச்சுக் கேக்கறீங்க! நொண்டி மாட்டையாச்சும் பல்லைப் பாத்துட்டுத்தான் தள்ளிவிடுவீங்க. என்னைய அதுகூடப் பாக்கல!"

செங்கோடனின் வாய் பழக்கத்தில் திறந்தது. பதில் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல பதில், ஒரே போடாகப் போடுகிற பதில். அதை விழுங்கினார்.

"சொல்லு" என்றார்.

அவள் திகைத்தாள். எதிர்ப்பேச்சு வராமல் அவளுக்கும் பழக்கமில்லை.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? சபாபதி சார் டெய்லி போன்ல விசாரிக்கறாரு. 'உங்கப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா? என் கையைப் பிடிச்சப்ப அவரு கை நடுங்குச்சே'ங்கறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்? எங்கப்பா என்னைய மாடுன்னு நெனச்சாருன்னு சொல்லட்டுமா? கை நடுக்கம்தான், ரொம்ப நாளா இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்."

பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அதுக்கு அவரு ஒரு எண்ணெய் காய்ச்சிட்டிருக்காரு. நாளைக்குக் கொண்டுட்டு வராரு. வீட்டுக்கு. உங்க கைக்குத் தேய்ச்சு விடறதுக்கு."

செங்கோடன் தன் கையைப் பார்த்தார். இப்போது அது நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. மறைக்க இடம் தேடினார். துண்டு கக்கத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

"பேசாம தேய்ச்சுக்கங்க" என்றாள் அவள். "அதான் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். நடுக்கம்னே இருக்கட்டும். உங்க மானமாச்சும் தப்பும்."

வழி கிடைத்துவிட்டது. மகளே கொடுத்த வழி. இதைவிடச் சல்லிசாக ஒரு பேரம் அவர் வாழ்க்கையில் படிந்ததில்லை. எண்ணெயைத் தேய்த்துக்கொண்டால் போதும். கல்யாணம் நடக்கும். மகள் வீட்டுக்கு வருவாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையில் ஒரு கோணல் ஓலையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார் செங்கோடன். "வாத்தியாருகிட்ட நானே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"நடந்ததை."

"உங்களுக்கு வாயில வராது."

"வரும்."

"வராது. தப்புன்னு ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து நான் கேட்டதே இல்லை."

"வரும்ங்கறேன்ல!" கத்திவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கோகிலவாணி பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவருக்கு எதிரே பாறையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சபாபதி வாத்தியார் உட்காருகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. நான்தான் சபாபதி. வந்துட்டேன். எண்ணெய்க் கிண்ணம் கையில இருக்கு. சொல்லுங்க."

பெருந்தேவி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். கோதண்டம் செம்போடு நின்றார்.

செங்கோடன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். சந்தையையே திருப்பிப் போட்ட வாய். உள்ளே வார்த்தை இருந்தது, அவருக்குத் தெரிந்தது, வெளியேதான் வரவில்லை. நெற்றி வேர்த்தது. காது மடல் எரிந்தது.

அவள் காத்திருந்தாள்.

"வாத்தியாருங்க..."

"சொல்லுங்க சம்பந்தி."

"எனக்குக் கை நடுக்கமெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு அன்னைக்கு என் கையைப் பிடிச்சீங்க?"

"வெலை கேட்டனுங்க."

"எதுக்கு?"

செங்கோடன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கண் நிறைந்து நின்றது, அவள் துடைக்கவில்லை.

"எம்புள்ளையக் கட்டிக்கறதுக்குங்க." கீழே குனிந்துகொண்டார். "நீங்க வேண்டாம்னதை நான் நம்பலீங்க. எம்புள்ளையச் சும்மா ஒருத்தர் கேப்பாங்கன்னு எனக்குத் தோணலீங்க. தப்புங்க."

கோதண்டம் செம்பைக் கீழே வைத்தார்.

குனிந்திருந்த தலைக்கு மேலே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லுங்கப்பா" என்றாள். "சத்தமா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."